இலவச மாதங்கள் முடிந்த பிறகு

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மேடவாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை கொண்ட வாடகை வீடு, நான்காவது மாடி. கல்யாணம் முறிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம் அந்தக் கோடையில் எங்கள் குழுவையே கலைத்து அனுப்பிவிட்டதால், ஏன் வரவில்லை என்று கேட்க அலுவலகமும் இல்லை. நான்காம் நாள் எழுந்து கதவைத் திறந்தேன். வாசலில் மூன்று பால் பாக்கெட்டுகள் கெட்டு ஊதிக் கிடந்தன. நடக்க இடைஞ்சல் என்று எதிர்வீட்டுக்காரர்கள் அவற்றைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அவர்கள் வாசலில் கிடந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தது, நேரம் நிறைய இருந்தது. என்னோடு வேலை இழந்த நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு செயலியைச் செய்ய ஆரம்பித்தேன். மிகச் சாதாரணமான பொருள். தனியாக இருப்பவர் தினமும் காலையில் போனைத் திறந்து, ‘நலமாக இருக்கிறேன்’ என்ற பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். உடனே அவர் குறித்துக் கொடுத்த ஒருவருக்கு, மகனோ மகளோ தங்கையோ, செய்தி போகும். காலை பத்து மணிக்குள் அமுக்காவிட்டால் அதுவும் செய்தியாகப் போகும். அவ்வளவுதான்.

விற்பதற்கு முன் சிலரிடம் இலவசமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதைத்தான் எங்கள் தொழிலில் பீட்டா டெஸ்டிங் என்பார்கள். முப்பத்தொரு பேர் கிடைத்தார்கள். பாதிப் பேருக்கு நானே வீடு தேடிப் போய்ப் போனில் போட்டுக் கொடுத்தேன். செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், குரோம்பேட்டை என்று அந்த ஒரு மாதம் பஸ்ஸிலேயே கழிந்தது. போன இடமெல்லாம் காபி கொடுத்தார்கள். செயலியைப் பற்றி ஐந்து நிமிடம், மற்றதைப் பற்றி ஒரு மணி நேரம். எனக்கும் அவசரம் இருக்கவில்லை.

முதல் ஆள் ஓர் ஏசி மெக்கானிக். பீர்க்கன்கரணையில் இருப்பவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். என் வீட்டு ஏசியைச் சுத்தம் செய்ய வந்தவர், தான் ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து இரண்டு மணி நேரம் யாரும் பார்க்காமல் கிடந்த கதையைச் சொன்னார். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் துபாயில். “தனியாவா இருக்கீங்க பாய்?” என்று கேட்டேன். “ஆமாமா, நான் ஒண்டி ஆள்தான்” என்றார். அங்கேயே அவர் போனில் போட்டுக் கொடுத்தேன்.

“மூணு மாசம் டெஸ்டிங். நான் போதும்னு சொல்ற வரைக்கும் தினமும் அமுக்கிடுங்க பாய்.”

“அமுக்கிட்டா போச்சு. அதுல இன்னா கஷ்டம் கீது?”

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். “மேடம், பட்டன் அமுக்குனா ஒரு சத்தம் வரணும். ரிலே விழுற மாரி, டிக்குனு. சத்தம் வரலன்னா வேலை ஆச்சா இல்லியான்னு எப்புடித் தெரியும்?” முப்பத்தொரு பேரில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த யோசனை அதுதான். அன்றே அந்தச் சத்தத்தைச் சேர்த்தேன்.

அடுத்த நல்ல யோசனை சேலையூரிலிருந்து வந்தது. தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர். கணவர் இல்லை, மகன் கனடாவில். வாரா வாரம் எனக்கு எண் போட்டு எழுதி அனுப்புவார். ஒன்று, எழுத்து சிறியதாக இருக்கிறது. இரண்டு, ‘நன்றி’ என்று திரையில் வருவது யார் சொல்லும் நன்றி என்று புரியவில்லை. மூன்றாவதாக எழுதியதை நான் இன்னும் மறக்கவில்லை: ‘நான் அமுக்கியதை என் மகன் பார்த்தான் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? நாங்கள் லைன் கொடுத்தால் மறுமுனையில் எடுத்துவிட்டார்களா என்று விளக்கு காட்டும்.’ அடுத்த பதிப்பில் செய்துவிடலாம் என்றார் நண்பர். அடுத்த பதிப்பு வரவே இல்லை.

மூன்று மாதம் முடியப் போகிற சமயம், கேம்ப் ரோட்டில் ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்து விலையைப் பேசினோம். நான் நாற்பத்தொன்பது ரூபாய் என்றேன்.

“நாப்பத்தொம்பதா? அப்ப நம்மளே நம்மள மதிக்கலன்னு அர்த்தம்” என்றார் நண்பர். “மாசம் நூத்தி நாப்பத்தொம்பது. வருஷத்துக்குக் கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீ. யாருக்கும் வலிக்காது.”

“பென்ஷன்ல இருக்கறவங்களுக்கு வலிக்கும்.”

“அவங்ககிட்ட ஏன் கேக்கறே? ஃபாரின்ல இருக்கற பசங்ககிட்ட கேளு. மெயில் அவங்களுக்குத்தான் போகணும். பெரியவங்களுக்கு இந்த விஷயமே தெரிய வேணாம்.”

அது நியாயமாகத்தான் பட்டது. மகனோ மகளோ கட்டுவார்கள், பெற்றவர்கள் பாட்டுக்கு அமுக்குவார்கள், நடுவில் பணப் பேச்சே வராது. அப்போது நான் ஒன்று கேட்டேன். “கட்டலன்னா?”

“செய்தி போகாது.”

“பட்டன்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “பட்டன் அப்படியே இருக்கட்டும். சாம்பல் கலர்ல மாத்தினா உடனே டிலீட் பண்ணிடுவாங்க. இருந்தா, என்னைக்காவது பசங்க மனசு மாறிக் கட்டினா, அம்மா அப்பா பழக்கம் விடாம இருப்பாங்க இல்ல?”

நானும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது மட்டும் இல்லை, அந்த நிரல் வரிகளை எழுதியவளே நான்தான். சந்தா இல்லையென்றால் செய்தியை அனுப்பாதே. பத்து மணி எச்சரிக்கையையும் அனுப்பாதே. திரையில் எதையும் மாற்றாதே. சத்தம் மட்டும் வரட்டும். நான்கே வரி. எழுதி முடித்தபோது உறுத்தியதா என்று இப்போது யோசித்தால், பொய் சொல்லாமல் சொல்வதென்றால், பெரிதாக உறுத்தவில்லை. எத்தனை பேர் கட்டுவார்கள் என்பதிலேயே மனம் இருந்தது.

நான்கு பேர் கட்டினார்கள். மற்ற பிள்ளைகளுக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. இரண்டு பேர் மட்டும், ‘நல்ல முயற்சி, வாழ்த்துகள்’ என்று எழுதினார்கள். அந்த வாரமே நண்பருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. தாம்பரத்தில் ரயில் ஏற்றிவிடப் போனேன். “நீ நடத்து. வார இறுதியில நான் பாத்துக்கறேன்” என்றார். முதல் வார இறுதியில் அவர் கூப்பிடவில்லை. இரண்டாவது வார இறுதியில் நான் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நானும் ஒரு மடிக்கணினியும்தான். யார் எத்தனை மணிக்கு அமுக்கினார்கள் என்று ஒவ்வொரு வரியாகக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் காலை ஆறிலிருந்து பத்துக்குள் முப்பது வரி விழும் பக்கம். ஒவ்வொருவராகச் செயலியை நீக்க நீக்க அது சுருங்கியது. சந்தா கட்டிய நான்கு பேருக்கு நான்கு வரி. அதோடு, சந்தா இல்லாமலே இரண்டு வரி. ஆறு நாற்பதுக்கு பீர்க்கன்கரணை. ஏழேகாலுக்கு சேலையூர்.

அந்த இரண்டு அமுக்கலும் யாருக்கும் போகவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

சொல்லிவிட வேண்டும் என்று முதல் நாளே நினைத்தேன். அடுத்த நாளும் நினைத்தேன். ஆனால் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். அப்போது எனக்கு நாள் முழுக்க வேறு யாரோடும் பேச்சு இல்லை. தண்ணீர் லாரி வந்தால் காவலாளி கூப்பிட்டு, “மோட்டார் போட்டாச்சு மேடம்” என்பார். அதுதான் பேச்சு. காலையில் கண் விழித்ததும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறு நாற்பதுக்கு மெக்கானிக் பாயின் வரி விழும். அதற்கப்புறம்தான் எழுந்து பல் தேய்ப்பேன். ஏழேகாலுக்கு சேலையூர் ஆன்ட்டியின் வரி. அப்புறம் காபி. மகளை நினைத்து ஒருவர், மகனை நினைத்து ஒருவர் அமுக்குகிறார்கள். வாங்கிக்கொள்வது நான். அது திருட்டு என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. இருபத்தாறு நாள் போயிற்று.

இருபத்தேழாம் நாள் ஆறு நாற்பதுக்கு வரி விழவில்லை.

ஏழேகாலுக்கு சேலையூர் வந்தது. பீர்க்கன்கரணை வரவில்லை. எட்டு, ஒன்பது. பத்து மணிக்கு அவர் மகளுக்கு எச்சரிக்கை போயிருக்க வேண்டும். போகவில்லை, போகாதபடி எழுதியவள் நான். அவர் எண்ணுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மகளின் எண் என்னிடம் இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? உங்கள் அப்பா இன்றைக்கு அமுக்கவில்லை, இத்தனை நாள் அமுக்கியதும் உங்களுக்கு வரவில்லை என்றா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தாம்பரம் கிழக்கு வரை ஒரு பஸ், சுரங்கப்பாதை வழியாக மேற்கே கடந்து பெருங்களத்தூருக்கு இன்னொரு பஸ், அங்கிருந்து பீர்க்கன்கரணைக்கு நடை. ஏணியிலிருந்து விழுந்து கிடந்த கதையே திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. ஏரிக்குப் பக்கத்துத் தெரு என்று மட்டும்தான் தெரியும். ஒரு மளிகைக் கடையில் விசாரித்தேன். “ஏசி பாயா? அதோ, பந்தல் போட்டுகீது பாருங்க, அந்த வூடுதான்” என்று கை காட்டினார் கடைக்காரர்.

பந்தல் என்றதும் சாவுப் பந்தல் என்றே நினைத்துவிட்டேன். கிட்டே போகும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகுதான் பார்த்தேன், பந்தலுக்கு அடியில் சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரியாணி வாசனை வந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பழைய ஸ்டூல்மேல் நின்று, வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கடித்துக்கொண்டு மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தார் அவர்.

என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். “இன்னாமா, இம்மாந்தூரம்? அட்ரஸ் எப்புடிப் புட்ச்சீங்க?”

“காலையில நீங்க பட்டன் அமுக்கல பாய்.”

அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். “அடடா. போன் டிஸ்பிளே பூட்ச்சுமா. நேத்து ராத்திரி எங்க அண்ணன் பேரன் கீழ போட்டுட்டான். பெருங்களத்தூர்ல ரிப்பேருக்குக் குடுத்துகீறேன். தொழுதுட்டு வந்து தேடறேன், கைல போன் இல்ல. இன்னிக்கு அமுக்கலியேன்னு நெனச்சுகினுதான் இருந்தேன்.”

“நான் பயந்துட்டேன்.”

“பயமா? இத்தினி பேரு கீறாங்க, எனக்கு இன்னா ஆவப் போவுது?” என்று சிரித்தார்.

கீழே அவருடைய அண்ணன் குடும்பம். பக்கத்து வீட்டில் தங்கை குடும்பம். மாடியில் ஒற்றை அறையில் அவர். அன்று அண்ணன் மகளுக்கு நிச்சயம். ‘ஒண்டி ஆள்’ என்று அவர் சொன்னது மாடி அறையைத்தான். செயலியில் பதியும்போது வரும் ‘தனியாக வசிக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் அடித்துக்கொண்டது நான்தான்.

நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ரோஸ்மில்க் கொடுத்தார்கள். வந்தது வந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டேன். “பாய், ஒரு தப்பு பண்ணிட்டேன். ஒரு மாசமா நீங்க அமுக்கறது உங்க பொண்ணுக்குப் போகல.”

“அது தெரியுமே” என்றார் அவர். “பொண்ணு அப்பவே சொல்லிட்ச்சு. ‘அத்தா, டெய்லி வீடியோல உங்க மூஞ்சியத்தான் பாக்கறேன், இதுக்கு எதுக்குத் துட்டு’ன்னு.”

“அப்ப ஏன் தினமும் அமுக்கினீங்க?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “நீங்கதானமா சொன்னீங்க, நான் போதும்னு சொல்ற வரைக்கும் அமுக்குங்கன்னு. நீங்க சொல்லவே இல்லியே. ஒரு வேலைய ஒத்துகினா முடிச்சுத் தரணுமா இல்லியா?”

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது, ரோஸ்மில்க்கைக் குனிந்து குடித்தேன். இருபத்தாறு நாளாக, ஏரிக்கரையில் தன்னந்தனியாக ஒரு மனிதர் மகளை நினைத்துப் பொத்தானை அமுக்குவதாக நானே ஒரு படம் வரைந்து, அதன் எதிரில் உட்கார்ந்து காலைப் பொழுதைக் கழித்திருந்தேன். அந்த மனிதர் இல்லவே இல்லை.

“போதும் பாய்” என்றேன். “டெஸ்டிங் முடிஞ்சுது.”

“பாஸா ஃபெயிலா?”

“நீங்க பாஸ்.”

சாப்பிடாமல் விட மாட்டேன் என்றார்கள். பெண்கள் பந்தியில் உட்கார வைத்தார்கள். யார் என்று கேட்டவர்களுக்கு அவர் தங்கை, “அண்ணனுக்கு வேலை குடுத்த மேடம்” என்று சொன்னார். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. இலைமுன் உட்கார்ந்து இத்தனை பேரோடு நான் சாப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போட முயன்று விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் பஸ் சேலையூரைத் தாண்டியபோதுதான் இரண்டாவது வரி நினைவுக்கு வந்தது. ஆன்ட்டிக்கும் தெரிந்திருக்கும், அவர் மகனும் சொல்லியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாயின் வீட்டில் கிடைத்த நிம்மதி அப்படி நினைக்க வைத்தது. வீட்டுக்கு வந்ததும் அவரைக் கூப்பிட்டேன். மணி நாலு.

“ஆன்ட்டி, நீங்க காலையில அமுக்கறது இருபத்தேழு நாளா உங்க பையனுக்குப் போகல. உங்களுக்குத் தெரியும்னு நினைக்கறேன்.”

“தெரியாதே. ஏன், சர்வர் ரிப்பேரா?”

“இல்ல. ஃப்ரீ பீரியட் முடிஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் சந்தா கட்டினாதான் போகும்.”

“எவ்வளவு?”

“மாசம் நூத்தி நாப்பத்தொம்பது.”

“யார் கட்டணும்?”

“உங்க பையன். அவருக்கு மெயில் அனுப்பினோம்.”

“ஒரு மெயில்னா கவனிச்சிருக்க மாட்டான்.”

“மூணு அனுப்பினோம் ஆன்ட்டி.”

எதற்காக அந்த எண்ணிக்கையைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் தவறில்லை என்று காட்டிக்கொள்ளத்தான் இருக்கும். மறுமுனையில் எங்கோ குக்கர் விசில் அடித்தது.

“தினம் காலையில முகம் கழுவி, பொட்டு வச்சுட்டுத்தான் அதை அமுக்குவேன்” என்றார். “போட்டோ ஒண்ணும் போகாதுன்னு தெரியும். இருந்தாலும்.”

“மன்னிச்சுடுங்க ஆன்ட்டி.”

“எனக்குப் பென்ஷன் வருதும்மா. என்கிட்ட கேட்டிருந்தா நானே கட்டியிருப்பேன். அவன் கட்டலைங்கறது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும்.”

அவர் கோபப்படவில்லை. ஆபரேட்டர் குரலில், தெளிவாக, “சரி, வச்சுடட்டுமா?” என்று கேட்டுவிட்டு வைத்தார். மறுநாள் ஏழேகாலுக்கு வரி விழவில்லை. செயலியை நீக்கியிருந்தார்.

நண்பருக்குச் சொன்னேன். “விதிமுறைகள்ல எழுதித்தானே வச்சிருக்கோம்? சட்டப்படி ஒண்ணும் பிரச்சனை இல்ல” என்றார். விதிமுறைகளை யாரும் படிக்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலில் அந்த நான்கு வரியை மாற்றினேன். சந்தா இல்லையென்றால் பொத்தான் இருக்காது, ஏன் இல்லை என்று திரையில் எழுதியிருக்கும். அதற்குள் பயன்படுத்துகிறவர்கள் நான்கு பேர்தான் மிச்சம். அவர்களிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் மூடினேன்.

நாலைந்து மாதம் கழித்து, முன்பு வேலை பார்த்த அதே சாலையில் வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சேரும் நாளில் கொடுத்த படிவத்தில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒரு பெயர் கேட்டிருந்தார்கள். அண்ணன் திருச்சியில் இருக்கிறார், பேசி இரண்டு வருடம். பாய்க்கு போன் செய்து, உங்கள் எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். “குடுங்கமா, இதெல்லாம் ஒரு பெர்மிஷனா?” என்றார். உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், ‘தெரிந்தவர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

சேலையூரில் ஒருமுறை இறங்கினேன். ஒரு சனிக்கிழமை காலை, தாம்பரத்திலிருந்து திரும்பும்போது. என்ன பேசுவது என்று முடிவு செய்யாமலே ஆன்ட்டியின் தெருவுக்குள் நடந்தேன். கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டிக்காரரிடம் கீரை வாங்கிக்கொண்டிருந்தார். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்து, இது முற்றல், அது அழுகல் என்று சொல்லி, கடைசியில் இரண்டு கட்டு எடுத்துக்கொண்டார். நான் எதிர்ச்சாரியில் ஒரு கார் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் தெருவைப் பார்க்கவில்லை. உள்ளே போய் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டார். நான் திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பஸ் கூட்டமாக வந்தது. மேடவாக்கம் வரை நின்றுகொண்டே வந்தேன்.